வெயில் பூசிய படம்

"பாத்து, பாத்து! கண்ணாடி!" என்று முன்னறையில் யாரோ கத்தியபோது லாண்டரிக்காரர் தன் மனைவியின் மேல்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பித்தான்களுக்கு நடுவே பெட்டியின் மூக்கை விட்டு எடுக்கிற இடம், கவனம் பிசகினால் பித்தான் உருகிப்போகும். சாம்பல் நிறச் சட்டை. முன்பக்கம் நாலு பை, நாலுக்கும் மூடி. மழையில் நனைவதும் இவர் கையால் உலர்வதுமாகவே காலம் போனதில் துணி நைந்து மெத்தென்று ஆகியிருந்தது.

மேல் பைக்குள் விரலை விட்டார். துண்டுத் துணி ஒன்று வந்தது. கேமராவின் கண்ணாடியைத் துடைக்க அவரே வெட்டிக் கொடுத்தது. யாரோ வெளுக்கப் போட்டுவிட்டுத் திரும்பி வாங்கவே வராத பருத்திச் சட்டையின் முதுகுப் பக்கம். "உங்க கடையிலயே உருப்படியான சரக்கு இதுதான்" என்பாள். அதை மடித்து மேசை ஓரமாக வைத்தார்.

நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். இதயத்தில் ஒரு வால்வு, பிறவியிலேயே கோளாறானது. இத்தனை வருஷம் அது ஓடியதே பெரிய காரியம் என்று டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். லாண்டரிக்காரருக்கு அந்தப் படம் நன்றாகவே புரிந்தது. ஆனால் காலையிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் யாருக்கும் வால்வு வேண்டியிருக்கவில்லை. ஆளாளுக்கு மழையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆரம்பித்து வைத்தது அவளுடைய அண்ணன்.

"அப்பவே சொன்னேன் மாப்ளே. மழையில சுத்தாத, மழையில சுத்தாதன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? இப்ப பாருங்க."

அதற்குப் பிறகு உள்ளே வந்த ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். நனைந்து நனைந்தே போய்விட்டாள், ஈரம் உள்ளே இறங்கிவிட்டது, பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை. வாய்க்கு வந்த டாக்டர்கள். மருத்துவம் சொல்லித்தருகிற பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர்கள்.

மழையைத் திட்டுகிற உரிமை அந்தத் தெருவில் யாருக்காவது உண்டென்றால் அது லாண்டரிக்காரருக்குத்தான். மாடிக் கொடியில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளைக் காயப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற பிழைப்பு. தூறல் விழுந்தால் எச்சில் கையோடு மாடிக்கு ஓட வேண்டும். அதே தூறல் விழுந்தால் அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். படியில் இருவரும் முட்டிக்கொண்டதுண்டு. அவர் மேலே போகிறவர், அவள் கீழே போகிறவள். "உனக்கு நல்ல காலம் பொறந்தா எனக்குக் கெட்ட காலம்" என்று அவர் கத்துவார். "வாயை மூடிக்கிட்டு ஒரு கவர் குடுங்க" என்பாள். கோட்டுகளுக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. அதில் கேமராவின் மூக்குக்கு மட்டும் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் மாட்டி, தலையோடு உள்ளே புகுந்துகொள்வாள். தெருவில் அவளுக்கு மழைக்காரி என்று பெயர்.

ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. காலண்டர், கையேடு, சுவரொட்டி. வானம் மூடினால் மற்றவர்கள் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போவார்கள். "வெயில்ல எடுக்க நான் எதுக்கு? போன் வச்சிருக்கிற எல்லாரும் எடுக்கலாமே" என்பாள் இவள். மேகம் மூடினால் வெளிச்சம் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழும், யார் கண்ணுக்குக் கீழும் கறுப்பு நிழல் கட்டாது, சுவரின் நிறம் சுவரின் நிறமாகவே தெரியும் என்று விளக்குவாள். வெளியூருக்கு அவளோடு போகாவிட்டாலும் உள்ளூர் மழையில் லாண்டரிக்காரர் குடையோடு பின்னால் நின்றாக வேண்டும். நின்று நின்றே அவருக்கும் பாதி வித்தை வந்துவிட்டது.

"மழை நாள்ல வானத்தைப் பாக்காதீங்க. வெளுத்த துணி மாதிரி, அங்க ஒண்ணுமே இருக்காது. எல்லாம் தரையில கிடக்கு பாருங்க" என்பாள். கிடக்கத்தான் கிடந்தது. பேருந்தின் விளக்கு, பழக்கடையின் மஞ்சள், ஜன்னல்கள், ஆட்கள், எல்லாம் நனைந்த தார்ச்சாலையில் தலைகீழாக நீந்திக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கிறபோது மாடியில் நனைகிற துணிகூடக் கொஞ்சம் மறந்துபோகும். அதை மட்டும் அவளிடம் அவர் ஒத்துக்கொண்டதில்லை.

"அப்பா, ஆச்சா?" மகள் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "உள்ள எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

சட்டையைத் தோள் மடியாமல் இரு கையிலும் ஏந்திக் கொடுத்தார்.

"அம்மாவோட ஆபீஸ்லேர்ந்து மேனேஜர் வந்திருக்கார். பெரிய படம் கொண்டு வந்திருக்காங்க. தலைமாட்டுல வைக்க." கொஞ்சம் தயங்கினாள். "நல்லதாப் போச்சுப்பா. அம்மா படம்னு நம்மகிட்ட ஒண்ணுகூட இல்லையே. அந்த அடையாள அட்டையைப் பெரிசு பண்ணிப் பாத்தேன். யாரோ மாதிரி இருக்கு."

உண்மைதான். வீட்டில் எல்லாருடைய படமும் இருந்தது. எடுத்தவள் படம் இல்லை.

"எந்தப் படம்?"

"மணிக்கூண்டு. நீங்க நடந்தது."

லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் அவள் அந்த ஒரு படத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குவதற்கு நடுவே, "வந்துச்சா?" என்று கேட்பாள். "வரும்" என்பார் இவர். கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன வருஷத்துக் காலண்டர் வந்தபோது அவள் எடுத்த மழைத் தெருக்கள் அத்தனையிலும் நீல வானம் ஒட்டியிருந்தார்கள். ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் துணி மூட்டை மேல் உட்கார்ந்து, "என் மழையைத் துடைச்சுட்டாங்க" என்றாள். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. மணிக்கூண்டுப் படத்தைக் கொடுக்கும்போது மட்டும் மேனேஜரிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். இதில் கை வைக்கக் கூடாது. வைக்கமாட்டோம் மேடம், என்று அவரும் சொன்னாராம்.

அந்தப் படத்துக்கு அவள் பட்ட பாடு இவருக்குத் தெரியும். பட்டதில் பாதி இவர் பட்டது. மழை விட்ட கையோடு, தெருவிளக்கு ஏற்றிய பிறகும் வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கிற நேரம். அது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். மணிக்கூண்டுக்கு முன்னால் தேங்கிய குட்டையின் ஓரத்தில் அவள் முழங்கால் போட்டு, கேமராவைத் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்த்தி வைத்துக்கொண்டாள். இவர் கையில் மகளுடைய சிவப்புக் குடையைக் கொடுத்து எதிர்ப்பக்கம் அனுப்பினாள்.

"இந்த வயசுல சிவப்புக் குடையா? மானம் போகுது."

"சாம்பல் நாள்ல ஒரே ஒரு நிறம் போதுங்க. அது நீங்கதான். குட்டைக்கு அந்தப் பக்கமா நடங்க. இன்னும் தள்ளி. மெதுவா, உங்களை யாரும் துரத்தல."

நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். மழைதான் விட்டுவிட்டதே, குடை எதற்கு என்று டீக்கடைக்காரர் கடைக்குள்ளிருந்தே, "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பானாம்!" என்று பாட, கூட்டமே சிரித்தது. லாண்டரிக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நொடியில்தான் அவள் எடுத்தாள். எழுந்து நின்று, "வந்துருச்சு" என்றாள். முழங்கால் இரண்டும் சேறு. அந்தக் கால்சட்டையை அவர்தான் வெளுத்தார்.

முன்னறைக்கு அவர் வந்தபோது நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி நடுவில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். சற்று நேரத்தில் சாம்பல் சட்டையோடு அவளைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். மூக்கு மட்டும் கொஞ்சம் கூர்மையாகியிருந்தது. மற்றபடி வேலைக்குக் கிளம்பினவள் மாதிரியே இருந்தாள். தலைமாட்டில் ஒரு ஸ்டூல், அதன்மேல் சுவரில் சாய்த்து அந்தப் படம். ஒரு ஆள் கை விரித்தால்தான் பிடிக்க முடியும், அவ்வளவு பெரிது.

மேனேஜர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தபடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க நிறுவனத்துக்கே ஈடு செய்ய முடியாத இழப்பு சார். மேடம் ஆசைப்பட்ட மாதிரியே பெரிசா போட்டுட்டோம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். லாண்டரிக்காரர் அவருடைய தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தார்.

வானம் பளீரென்று நீலமாக இருந்தது. பஞ்சு உருட்டி வைத்தாற்போல் ரெண்டு வெள்ளை மேகம். மணிக்கூண்டின் உச்சியில் வெயில் அடித்தது. வானத்தின் குறுக்கே கொட்டை எழுத்தில், 'ஆண்டு முழுவதும் வெயில் சிரிக்கும் நகரம்!' அதற்குக் கீழே நிறுவனத்தின் பெயர், முன்பதிவுக்கு ஒரு தொலைபேசி எண். செத்தவள் தலைமாட்டில் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜரின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார்.

"வானம் எங்க?"

"சார்?"

"அவ எடுத்த வானம் எங்கன்னு கேட்டேன்."

"ஓ, அதுவா சார்." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "கம்ப்யூட்டர்ல சின்னதா ஒரு திருத்தம். எல்லாரும் பண்றதுதான். மழைன்னு தெரிஞ்சா யாரு சார் டிக்கெட் போடுவாங்க?"

"கை வைக்கமாட்டோம்னு சொன்னீங்களே அவகிட்ட."

"சொன்னேன் சார். மேலிடத்துல ஒத்துக்கல. என்ன பண்றது."

"வெயில் இப்படிக் கொளுத்துதே, ரோடு மட்டும் ஏன் நனைஞ்சு கிடக்கு?"

"தண்ணி லாரி போயிருக்கும்னு நினைச்சுப்பாங்க சார்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோற்றைப் பற்றி என்ன கவலை? லாண்டரிக்காரர் படத்துக்கு இன்னும் அருகில் போனார். ஏதோ குறைந்தது. மணிக்கூண்டு இருந்தது, டீக்கடை இருந்தது, விளக்குக் கம்பம் இருந்தது. குட்டைக்கு அந்தப் பக்கம், தெரு வெறுமையாகக் கிடந்தது.

"இங்க ஒருத்தன் நடந்தானே. சிவப்புக் குடையோட."

"கரெக்ட் சார், நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க. வெயில்ல குடையோட ஆளு போனா விளம்பரத்துக்கு ஒட்டல. அதனால அவரை எடுத்துட்டோம். யாரோ வழிப்போக்கர்தானே."

"அது எங்க அப்பா" என்றாள் மகள்.

மேனேஜர் கர்ச்சீப்பை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "தெரியாது சார். மேடம் சொல்லவே இல்ல."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

நடுவில் விழுந்து சமாதானம் செய்யத்தான் மச்சான் எழுந்து வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதைத் தண்ணீர் ஊற்றுவதாக நினைத்துக்கொள்வார். "விடுங்க மாப்ளே. இன்னைக்கு எதுக்கு இதெல்லாம்? படம் பளிச்சுனு நல்லாத்தானே இருக்கு. உசுரோட இருந்தவரைக்கும் மழை மழைன்னு நாசமாப் போனா. போறப்பவாவது அவ தலைக்கு மேல கொஞ்சம் வெயில் அடிக்கட்டுமே. அந்த மழைதானே அவளைக் கொண்டு போச்சு."

"மழை கொண்டு போகல!"

குரல் தெருவரை கேட்டிருக்கும். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லாண்டரிக்காரர் சத்தம் போட்டுப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை, படியில் முட்டிக்கொண்ட சமயங்கள் தவிர.

"நல்லா கேட்டுக்குங்க மச்சான். எல்லாரும் கேட்டுக்குங்க. அவ நெஞ்சுல ஒரு வால்வு. பொறக்கும்போதே பழுது. மழையில நனைஞ்சாலும் அதுதான், வீட்டுக்குள்ள போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தாலும் அதுதான். மழையால அவ சாகல. மழையாலதான் இத்தனை நாள் சிரிச்சுக்கிட்டு இருந்தா. கண்ணால பாத்தவன் நான் சொல்றேன். காலையிலேர்ந்து ஆளுக்கு ஒரு வாய் மழையைத் திட்டுறீங்க. இவரு வந்து மிச்சத்தையும் துடைச்சுட்டாரு. அவகிட்ட இருந்ததே அது ஒண்ணுதான்யா!"

அழுகை வரவில்லை. நேற்றிலிருந்து வராத அழுகை இந்த ஆளுக்கு முன்னாலா வரும்? விறுவிறுவென்று ஸ்டூலை நெருங்கி, கையை அகல விரித்துப் படத்தைத் தூக்கினார். போட்டு உடைக்கப்போகிறார் என்று நினைத்து மேனேஜர், "சார், கண்ணாடி!" என்று பின்வாங்கினார்.

உடைக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. அவள் காலடியில் கண்ணாடித் துண்டு கிடப்பதா? கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இஸ்திரி அறைக்குள் பக்கவாட்டாக நுழைந்து, தூக்கி வந்த வாக்கிலேயே சுற்றித் திருப்பி மேசையில் மல்லாக்கப் போட்டார். மூடுவதற்கு ஒரு படுக்கை விரிப்பை உருவி உதறினார்.

மகள் பின்னாலேயே வந்துவிட்டாள். "அப்பா, நீங்க சொன்னதெல்லாம் சரி. ஆனா தலைமாட்டுல ஒண்ணுமே இல்லாம எப்படிப்பா? அந்த அட்டைப் படத்தையா வைக்கிறது?"

"ஒண்ணும் இல்லாமலே இருக்கட்டும். இந்தப் பொய்க்கு அது தேவலை."

விரிப்பின் ஒரு முனையைப் போட்டவர் நின்றுவிட்டார்.

படம் மேசையில் தலைகீழாகக் கிடந்தது. நீல வானமும் கொட்டை எழுத்தும் அவர் வயிற்றுப் பக்கம் வந்துவிட்டன. மேல் பாதியில் இருந்தது குட்டை. குட்டைக்குள் வெயில் இல்லை. அங்கே வானம் சாம்பலாக, கனமாக, இன்னொரு மழையை வைத்துக்கொண்டு நின்றது. மணிக்கூண்டின் உச்சி மங்கலாகத் தெரிந்தது. விளக்குக் கம்பத்தின் மஞ்சள் தண்ணீரில் நீளமாகக் கரைந்திருந்தது. வானத்தை மாற்றியவன், தெருவில் நடந்த ஆளை எடுத்தவன், தரையைப் பார்க்க மறந்திருந்தான். தண்ணீரில் விழுந்த நிழலை விட்டுவிட்டான்.

சாம்பல் வானத்தின் கீழே ஒரு மனிதர் நடந்து போய்க்கொண்டிருந்தார். கையில் சிவப்புக் குடை. தண்ணீர் லேசாக அலைந்ததில் முகம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது. நிமிர்ந்து நேராக நடந்தார்.

மகள் குனிந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாம் தரையில கிடக்குன்னு சொல்லுவா" என்றார் லாண்டரிக்காரர்.

விரிப்பை மடித்து அதன் இடத்தில் வைத்தார். மேசை ஓரத்தில் கிடந்த துண்டுத் துணியை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "அந்தப் பக்கம் பிடி" என்றார். அப்பாவும் மகளுமாகப் படத்தைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைத்து மேனேஜர் பெருமூச்சு விட்டார், ஸ்டூலைக்கூட அவரே நகர்த்திக் கொடுத்தார். மேசையில் கிடந்தபடியே, திருப்பாமல், படத்தைத் தலைமாட்டில் நிறுத்தினார்கள். வெயிலும் எழுத்தும் தொலைபேசி எண்ணும் பெட்டியின் விளிம்புக்குப் பின்னால் இறங்கிப் போயின.

"சார், மன்னிக்கணும்... தலைகீழா வச்சிட்டீங்க."

"தெரியும்" என்றாள் மகள்.

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். படத்தை ஒரு முறை பார்த்தார், தங்கையைப் பார்த்தார். நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

தூக்கிப் பிடித்ததில் கண்ணாடி முழுக்க விரல் தடம். லாண்டரிக்காரர் துண்டுத் துணியை எடுத்து, அவள் துடைக்கிற மாதிரியே, நடுவில் ஆரம்பித்து வட்டம் வட்டமாக வெளியே கொண்டுபோய்த் துடைத்தார். குடையின் சிவப்பு துலக்கமாயிற்று. அது சரியாக அவள் நெற்றிக்கு மேலே இருந்தது.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. வானம் மூடிக்கொண்டு வருகிறது, சீக்கிரம் ஆகட்டும் என்று யாரோ வெளியே அவசரப்படுத்தினார்கள். மாடிக் கொடியில் நேற்றுப் போட்ட விரிப்புகள் அப்படியே கிடக்கின்றன என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. போகவில்லை. குனிந்து, துணியை நாலாக மடித்து அவள் மேல் பையில் வைத்தார். ஈரம் இறங்காதபடி மூடியை இழுத்துவிட்டுப் பித்தானை மாட்டினார்.